வயலில் இரவு வேலைக்கு ஏற்ற நெற்றி விளக்கு

உழவுத் தொழிலில் பெரும்பகுதி பகலிலேயே நடந்துவிடுகிறது. ஆயினும் எலிக்குக் கிட்டி வைத்தல், இரவு முறையில் வரும் நீரைப் பாய்ச்சுதல், மோட்டாரைக் கவனித்தல், களத்து நெல்லைக் காத்தல், வெள்ள காலத்தில் ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் காவல் இருத்தல் ஆகிய சில வேலைகள் இரவில் செய்தே தீரவேண்டியவை. இவற்றில் குடியானவருடைய இரண்டு கைகளுக்கும் வேலை உண்டு. ஒரு கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மற்றொரு கையால் கிட்டியின் வில்லை வளைக்கவோ, மடையை வெட்டவோ இயலாது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்வோரையும், செல்போனைச் சட்டைப்பையில் செருகி அதன் வெளிச்சத்தில் வரப்பில் நடப்போரையும் கிராமங்களில் காணலாம். இக்குறையை நீக்க வந்ததே நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு. இதைக் கடைகளில் ஹெட்லைட் என்றும் தலை லைட் என்றும் சொல்லுகிறார்கள்.

இதை அற்ப விஷயமாக எண்ணலாகாது. 2000 முதல் 2019 வரையுள்ள இருபது ஆண்டுகளில் நமது நாட்டில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்றும், சராசரி ஆண்டொன்றுக்கு 58,000 பேர் என்றும் 2020ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டுள்ளது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமவாசிகள். கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் இரவில் இரை தேடுபவை. எலி வளை உள்ள வரப்பை நாடி நாம் போவதுபோலவே, அவ்வெலிகளை நாடிப் பாம்பும் வருகிறது. ஆகையால் நடுவயலில் விளக்கு அணைந்துபோவது வெறும் அசௌகரியமன்று. உயிருக்கே அபாயம் தரக்கூடியது.

விளக்கு வாங்குவதில் அநேகர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எந்த விளக்கு அதிக வெளிச்சம் தருகிறதோ அதுவே சிறந்தது என்று கருதி, கடையில் எதிர்ச்சுவரின்மேல் அடித்துக் காட்டப்படும் ஒளியைக் கண்டு வாங்கிவிடுகிறார்கள். கடையில் பார்ப்பது முதல் நிமிஷத்து வெளிச்சம்; வயலில் வேண்டுவதோ நான்காம் மணி நேரத்து வெளிச்சம். மிதமான ஒளியை ஒரே சீராக, வேலை முடியும் வரையில், நனைந்தாலும் கீழே விழுந்தாலும் தரவல்லதே நம்பத்தக்க விளக்கு. இவ்வளவுகோலை மனத்திற் கொண்டு, தேர்ந்தெடுக்கும் முறையைக் கீழே காண்போம்.

1. எவ்வளவு நேரம், எவ்வளவு வெளிச்சம்?

விளக்கைப் பார்க்குமுன் வேலையைக் கணக்கிட வேண்டும். தஞ்சாவூர்க் கிட்டி வைப்பதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இது மூங்கிலை வில்போல் வளைத்துச் செய்யப்படும் பொறி. எலி இரையைத் தொட்டவுடன் வில் விடுபட்டு அதன் கழுத்தை நெரிக்கும். ஒரு குடியானவர் நாற்பது கிட்டிகள் வைப்பதாக வைத்துக்கொள்வோம். கிட்டி ஒன்றுக்கு மூன்று நிமிஷம் வீதம் அந்தியில் இரண்டு மணி நேரம் ஆகும். நடு இரவில் ஒருமுறை சுற்றி வந்து, எலி விழுந்த கிட்டிகளை எடுத்து மறுபடியும் வைத்தால், அதே கிட்டி அவ்விரவிலேயே இரண்டாம் முறையும் பயன்படும். இதற்கு ஒன்றரை மணி. விடியுமுன் கிட்டிகளைச் சேகரிக்க ஒன்றரை மணி. ஆக ஓர் இரவுக்கு ஐந்து மணி நேரம். மின்சாரம் தடைப்பட்டு மறுநாள் சார்ஜ் ஏற்ற முடியாமற் போகலாம் என்பதையும் எண்ணி, இரண்டு இரவுக்குப் பத்து மணி நேரம் எரிய வேண்டும் என்று வைத்துக்கொள்வது சிலாக்கியம்.

இனி வெளிச்சத்தின் அளவு. விளக்கிலிருந்து வெளிப்படும் மொத்த ஒளியை லூமென் என்னும் அளவால் குறிக்கிறார்கள். கைக்கெட்டும் தூரத்தில் கிட்டி வைக்க 30 முதல் 50 லூமென் போதும். வரப்பில் நடக்க 100 லூமென் வேண்டும். வயலின் மறு ஓரத்தில் மடை உடைந்துள்ளதா என்று பார்க்க 200 முதல் 300 லூமென் வரையில், அதுவும் சில விநாடிகளுக்கே வேண்டும். ஆகவே நமக்குத் தேவையானது இம்மூன்று படிகளும் உள்ள விளக்கு. மேற்படியை எப்போதாவது பயன்படுத்துவோம். நடுப்படியில்தான் இரவெல்லாம் வேலை நடக்கும். ஆனபடியால் விளக்கின் தரத்தை அதன் நடுப்படியைக் கொண்டே மதிக்க வேண்டும்.

2. பெட்டியின்மேல் எழுதியிருப்பதைப் படிக்கும் முறை

முன்பு அரிக்கேன் விளக்கு, பெட்ரோமாக்ஸ், இழைபல்பு வைத்த டார்ச் ஆகியவற்றையே குடியானவர்கள் அறிந்திருந்தார்கள். சுரங்கத் தொழிலாளிகள் கார்பைடு விளக்கைத் தொப்பியில் மாட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். 1990களில் நீல ஒளி தரும் எல்.இ.டி. உருவானதும் அதிலிருந்து வெள்ளை ஒளியைப் பெறும் வழி பிறந்தது. அதைக் கண்டுபிடித்த மூவருக்கு 2014இல் பௌதிகத்திற்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இழைபல்பு ஒரு வாட் மின்சக்தியில் 10 முதல் 15 லூமென் தரும். இக்கால எல்.இ.டி. நெற்றி விளக்கு, இழப்புகளெல்லாம் போக, ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தருவதாகக் கணக்கிடலாம். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால், பொய்யான விளம்பரம் எதையும் கடையிலேயே கண்டுகொள்ளலாம்.

நெற்றி விளக்குகளில் மிகுதியாக வழங்கும் லித்தியம் மின்கலம் 18650 எனப்படுவது. 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையதால் இப்பெயர். இதன் மின்னழுத்தம் 3.6 வோல்ட். கொள்ளளவு 3,000 மில்லி ஆம்பியர் மணி என்றால், அதாவது 3 ஆம்பியர் மணி என்றால், இவ்விரண்டையும் பெருக்க 10.8 வாட் மணி கிடைக்கும். 100 லூமெனுக்கு ஒரு வாட் வீதம் அது பத்து மணி நேரம் எரியும். நாம் மேலே கேட்ட கணக்கு இதுவே.

இப்போது இதே மின்கலம் உள்ள விளக்கில் "10,000 லூமென்" என்று அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு 100 வாட் வேண்டும். 10.8 வாட் மணி உள்ள கலம் அத்தகைய ஒளியை ஆறரை நிமிஷமே தர முடியும். அந்த ஆறரை நிமிஷமும் நெற்றியில் கட்டியிருக்க இயலாத சூடு உண்டாகும். ஆகையால் அவ்வெழுத்து உண்மையாக இருக்க வழியில்லை. அவ்வாறே 18650 கலத்தின்மேல் 9,900 என்று கொள்ளளவு போட்டிருந்தால் அதை நம்பலாகாது. நேர்மையான தயாரிப்புகள் பொதுவாக 3,500 வரையிலேயே நின்றுவிடுகின்றன. நல்ல கலம் 45 முதல் 50 கிராம் எடை இருக்கும். கையில் எடுத்ததும் மிக இலேசாக இருக்கும் கலத்தை விலக்குக.

எரியும் நேரத்தைப் பற்றியும் ஒரு சூட்சுமம் உண்டு. ஏ.என்.எஸ்.ஐ. எப்.எல்.1 என்னும் அளவுமுறையைப் பல தயாரிப்பாளர்கள் பின்பற்றுகிறார்கள். இதன்படி, விளக்கை ஏற்றி 30 விநாடி கழித்து ஒளியை அளப்பார்கள். அவ்வொளி பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலுள்ள காலமே எரியும் காலம் எனப்படும். 400 லூமென், 6 மணி என்று எழுதியிருந்தால், ஆறு மணி நேரமும் 400 லூமென் கிடைக்கும் என்று பொருளன்று. முதல் சில நிமிஷங்கள் கழித்து ஒளி வெகுவாகக் குறைந்து, ஆறாம் மணியில் 40 லூமென் மட்டும் மிஞ்சியிருக்கலாம். ஆதலால் ஒளி ஒரே சீராக நின்று, கலம் தீரும் தறுவாயில் எச்சரித்து, பின் சிறு ஒளிக்கு இறங்கி நிற்கும் விளக்கே நல்லது. எச்சரிக்கை இன்றித் திடீரென்று அணைவதை வயலுக்குக் கொண்டுபோகலாகாது.

ஒளி எட்டும் தூரமும் இவ்வாறே. முழுநிலவின் வெளிச்சமாகிய 0.25 லக்ஸ் அளவுக்கு ஒளி குறையும் இடம் வரையிலுள்ள தூரத்தையே பெட்டியில் போடுகிறார்கள். 200 மீட்டர் என்று எழுதிய விளக்கு 100 மீட்டரில் 1 லக்ஸும், 50 மீட்டரில் 4 லக்ஸும் தரும். தெளிவாகக் காணவேண்டுமானால், பெட்டியில் கண்ட தூரத்தில் நாலில் ஒரு பங்கையே நம்பியிருப்பது நலம்.

3. மின்கலத்தின் வகை

கிராமத்தில் கிடைக்கும் விளக்குகளை மின்கலத்தைக் கொண்டு மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஈயக்கலம் உள்ளவை. விலை குறைவு, எடை அதிகம். உபயோகித்த அன்றே சார்ஜ் ஏற்றாமல் விட்டால் கலம் விரைவில் கெடும். ஒரு பருவம் உபயோகித்து மறு பருவம் வரையில் பரணில் போட்டுவைப்போருக்கு இவ்வகை ஏற்றதன்று.

இரண்டாவது, பென்சில் செல் போட்டு எரிப்பவை. இவற்றிற்கு உரிய செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைப்பது பெரிய அனுகூலம். மறுபடி சார்ஜ் ஏற்றத்தக்க நிக்கல் செல்களையும் இவற்றில் போடலாம். 2,000 மில்லி ஆம்பியர் மணி உள்ள பென்சில் செல் மூன்று போட்டால் 7.2 வாட் மணி கிடைக்கும். 100 லூமெனில் ஏழு மணி நேரம் எரியும். அதைவிடச் சிறிய, விரல் போன்ற செல்கள் மூன்று போடும் விளக்குகளில் மூன்று மணி நேரம் எரிவதே அரிது. பழைய செல்லையும் புதிய செல்லையும் கலந்து போடலாகாது. வேலை இல்லாத மாதங்களில் செல்களைக் கழற்றி வைக்காவிட்டால் அவை கசிந்து விளக்கை அரித்துவிடும்.

மூன்றாவது, லித்தியம் கலம் உள்ளவை. எடைக்குத் தரும் சக்தி இவற்றில்தான் மிகுதி. இவற்றிலும் இரு பிரிவு உண்டு. சிலவற்றில் கலத்தைக் கழற்றி மாற்ற முடியாது, சிலவற்றில் முடியும். கழற்றக்கூடியதையே வாங்குக. சார்ஜ் ஏற்றிய இரண்டாவது கலம் ஒன்றை உறையிலிட்டு மடியில் வைத்திருந்தால், நடுவயலில் அரை நிமிஷத்தில் மாற்றிக்கொள்ளலாம். கலம் முதுமையடையும்போது விளக்கு முழுவதையும் எறியவேண்டியதில்லை. கலம் ஐ.எஸ். 16046 என்ற தரத்தின்படி இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு பெற்றதா என்று அதன் உறையிலுள்ள முத்திரையைப் பார்த்துக்கொள்க.

4. நீரும் சேறும்

நீர் புகாமையை ஐ.பி. என்ற எழுத்துகளும் இரண்டு இலக்கங்களும் குறிக்கும். முதல் இலக்கம் தூசியைப் பற்றியது. 6 என்றால் தூசி சிறிதும் புகாது. இரண்டாவது நீரைப் பற்றியது. 4 என்றால் எப்பக்கத்திலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது. இலக்கத்திற்குப் பதில் எக்ஸ் என்ற எழுத்து இருந்தால் அந்தப் பரீட்சை செய்யப்படவில்லை என்று பொருள். மழையில்லாத நாளில் கிட்டி வைப்போருக்கு எக்ஸ்4 போதும். நீர் பாய்ச்சுவோரும் வெள்ளக் காவல் இருப்போரும் 67 என்ற இலக்கம் உள்ளதையே கொள்ள வேண்டும். குனிந்து மடை அடைக்கும்போது விளக்கு நெற்றியிலிருந்து நழுவி வாய்க்காலில் விழுவது சாதாரணம்.

சார்ஜ் ஏற்றும் துளையே விளக்கின் நலிந்த உறுப்பு. அதன் ரப்பர் மூடி இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று பார்க்க. சேறு பட்ட விளக்கை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, துளை நன்றாக உலர்ந்த பின்னரே கம்பியைச் செருக வேண்டும். இடுப்பில் கலப்பெட்டியும் தலையில் விளக்குமாக இடையே கம்பி ஓடும் வகையில், அக்கம்பி கருவேல முள்ளிலும் வேலியிலும் சிக்கி அறுவதுண்டு. கம்பி இல்லாத விளக்கே வயலுக்கு உகந்தது.

5. விசை, பட்டை, எடை

விசை பெரியதாய், சேறு படிந்த விரலுக்கும் கையுறை போட்ட விரலுக்கும் தட்டுப்படுவதாய் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மின்னி மின்னி எரியும் படியைக் கடந்துதான் அணைக்க முடியும் என்ற அமைப்பு வேண்டாம். கையசைத்தால் தானே எரிந்து தானே அணையும் விளக்குகள் இப்போது மிகுதியாக விற்கின்றன. கிட்டியின் வில்லை வளைத்துப் பிடித்திருக்கும்போது நம் கை முகத்தருகே அசைந்து விளக்கு அணைந்துபோனால், விரல் கிட்டிக்குள் சிக்கும். அந்த வசதியை நிறுத்திவைக்க வழியில்லாத விளக்கைப் பொறி வேலைக்குக் கொள்ளலாகாது. பைக்குள் தானே எரிந்து கலம் தீராதபடி விசையைப் பூட்டும் ஏற்பாடு இருந்தால் விசேஷம்.

கலத்துடன் சேர்த்து 100 கிராமுக்கு உட்பட்ட விளக்கை நீண்ட நேரம் தாங்கலாம். அதைவிடக் கனமானால் கலப்பெட்டி தலையின் பின்புறம் இருப்பதும், உச்சியின்மேல் ஒரு பட்டை ஓடுவதும் நல்லது. பட்டை கழற்றித் துவைக்கத்தக்கதாக இருக்க வேண்டும். விளக்கின் முகத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் சாய்த்த இடத்திலேயே நிற்க வேண்டும். நடக்க நடக்கத் தொங்கிப்போகும் கீல் பயனற்றது.

6. ஒளியின் நிறமும் விளக்கின் இடமும்

நீலம் கலந்த வெள்ளொளிக்குப் பூச்சிகள் மிகுதியாக வரும். நெல் வயலில் விளக்குப் பொறிக்கு வரும் தத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் நம் கண்ணிலும் மூக்கிலும் மோதும். சற்று மஞ்சள் கலந்த, 4,000 கெல்வினும் அதற்குக் குறைந்ததுமான ஒளிக்கு இத்தொல்லை குறைவு. மண்ணின் நிறமும் இலையின் நிறமும் அதில் நன்றாகப் பிரிந்து தெரியும்.

சிவப்பு ஒளியும் உள்ள விளக்கு பொறி வேலைக்கு அனுகூலமானது. எலியின் கண்ணுக்குச் சிவப்பு ஒளி நன்றாகத் தெரிவதில்லை. நம் கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிஷம் ஆகிறது; சிவப்பு ஒளி அப்பழக்கத்தை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. ஆனால் சிவப்பு ஒளியில் பச்சை இலை கறுத்துத் தோன்றும். விரியனின் உடலிலுள்ள வடிவங்கள் சருகோடு கலந்து மறைந்துவிடும். ஆதலால் கிட்டியருகே அமர்ந்து வேலை செய்யும்போது மாத்திரம் சிவப்பு ஒளியைக் கொள்க. எழுந்து ஓர் அடி வைப்பதாயினும் வெள்ளொளிக்கு மாறுக.

நெற்றி விளக்குக்கு இயற்கையான குறை ஒன்று உண்டு. அது கண்ணுக்கு அருகிலேயே இருப்பதால், பொருளின் நிழல் பொருளுக்குப் பின்னால் விழுந்து நமக்குத் தெரியாமல் மறைகிறது. நிழல் தெரியாவிட்டால் மேடும் பள்ளமும் ஒன்றுபோல் தோன்றும். வரப்பில் கிடக்கும் பாம்பும், எலி வளையின் வாயும், தாழ இழுத்த கம்பியும் கண்ணுக்குத் தப்புவது இதனாலேயே. இடுப்பளவில் கையில் பிடித்த சிறு டார்ச்சு நீண்ட நிழலை உண்டாக்கி இவற்றை எடுத்துக்காட்டும். ஆகவே நெற்றியில் ஒன்றும் மடியில் ஒன்றுமாக இரண்டு விளக்குகள் அவசியம். நடக்கும்போது இரண்டும் எரியட்டும். வேலை செய்யும்போது நெற்றி விளக்கு மட்டும் போதும். ஒன்று பழுதானால் மற்றொன்று வீடு கொண்டுபோய்ச் சேர்க்கும். மார்கழிப் பனிமூட்டத்தில் நெற்றி ஒளி பனியில் பட்டுத் திரும்பி வெண்திரைபோல் கண்ணை மறைக்கும். அப்போது நெற்றி விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கைத் தாழப் பிடித்து நடக்க வேண்டும்.

7. வாங்கியபின் செய்யவேண்டிய பரீட்சை

ரசீது பெற்று வாங்குக. பருவம் தொடங்குமுன் கீழ்க்கண்ட ஐந்து பரீட்சைகளையும் வீட்டிலேயே செய்து, தேறாத விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

(1) கலத்தை முழுவதும் சார்ஜ் ஏற்றி, நடுப்படியில் எரியவிட்டு, ஒரு மணிக்கு ஒருமுறை அதே சுவரில் அதே தூரத்திலிருந்து ஒளியைப் பார்த்து நேரத்தைக் குறித்துவைக்க. நாம் வேண்டும் நேரத்திற்குமுன் அணைந்தால் அல்லது மிகவும் மங்கினால் விளக்கு உதவாது.

(2) கலம் இருக்கும் அறையில் உலர்ந்த காகிதத் துண்டு ஒன்றை வைத்து மூடுக. எக்ஸ்4 விளக்கானால் மேலே ஒரு குடம் நீரைத் தெளிக்க. 7 என்ற இலக்கம் உள்ளதானால் வாளி நீரில் அரை மணி நேரம் அமிழ்த்துக. பின் வெளியைத் துடைத்துத் திறந்தால் காகிதம் உலர்ந்தே இருக்க வேண்டும்.

(3) எரியும் விளக்கைக் கையில் பிடித்து நன்றாகக் குலுக்குக. பின்பு இடுப்பு உயரத்திலிருந்து மண் தரையில் விழவிடுக. ஒளி விட்டு விட்டு எரிந்தால் உள்ளே இணைப்பு தளர்ந்துள்ளது என்று அறிக.

(4) கையைச் சேற்றில் நனைத்துக்கொண்டு, இருட்டில், விளக்கைப் பாராமலே விசையை இயக்கியும் கலத்தை மாற்றியும் பழகுக.

(5) இரண்டு முழ நீளமுள்ள பழங்கயிறு ஒன்றை வரப்பின் சருகில் எங்கேனும் போடும்படி வீட்டார் ஒருவரிடம் சொல்லுக. இரவில் அவ்வரப்பில் நடந்து, எத்தனை அடி தூரத்தில் கயிறு கண்ணுக்குப் புலப்படுகிறது என்று பார்க்க. முதலில் நெற்றி விளக்கு மட்டும் கொண்டும், பிறகு கைவிளக்கையும் சேர்த்தும் பார்த்தால் மேலே சொன்னதன் உண்மை விளங்கும். எத்தனை விரைவாக நடக்கலாம் என்பதையும் இப்பரீட்சையே கற்பிக்கும்.

8. பாதுகாப்பு

லித்தியம் கலத்தை வைக்கோல் போரின்மேலோ, படுக்கையிலோ வைத்துச் சார்ஜ் ஏற்றலாகாது. சிமெண்டுத் தரையில், ஆள் விழித்திருக்கும்போது ஏற்றுக. வெயிலில் நிறுத்திய வண்டிப்பெட்டிக்குள் விட்டுவைக்க வேண்டாம். ஊதிப்போன, அடிபட்டு நசுங்கிய கலத்தை உடனே விலக்குக. பருவம் கழிந்தபின் பாதியளவு சார்ஜுடன், நிழலான இடத்தில், விளக்கிலிருந்து கழற்றி வைப்பது கலத்தின் ஆயுளை நீட்டும். தீர்ந்த கலத்தைக் குப்பைக்குழியிலோ நெருப்பிலோ போடலாகாது. 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது.

விளக்கு பாம்பை விரட்டாது; காண உதவும், அவ்வளவே. முழங்கால் வரை மூடும் ரப்பர் காலணியும், தரையைத் தட்டிச் செல்ல ஒரு கோலும் விளக்கோடு சேர்ந்தவையே. பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுக்கிக் கட்டுவதும் தீமை பயக்கும். கடிபட்ட அங்கத்தை அசையாமல் வைத்து, 108 வண்டியை அழைத்து, விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குத் தாமதமின்றிக் கொண்டுசெல்ல வேண்டும். செத்த எலியை வெறுங்கையால் தொடலாகாது. எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் கைகால் புண்கள் வழியே உடலில் ஏறும். நெற்றியில் விளக்கு இருப்பதால் இரு கைகளும் ஒழிந்திருக்கின்றன. கையுறை போடாததற்கு இனிச் சாக்கு இல்லை.

9. கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்க வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மாதங்களில் கரைக் காவலுக்கென்று ஒரே வகையான சில விளக்குகளைக் கிராமத்தில் பொதுவில் வைத்திருப்பது மிகவும் பயனுள்ளது. ஒரே வகையானால் ஒன்றின் கலம் மற்றொன்றுக்குப் பொருந்தும். ஒவ்வொரு விளக்குக்கும் எண்ணிட்டு, சார்ஜ் ஏற்றிய தேதியையும் கொண்டுபோனவர் பெயரையும் ஒரு நோட்டில் பதிந்து, செப்டம்பர் மாதத்திலேயே மேற்கண்ட பரீட்சைகளைச் செய்துவிட வேண்டும். கரை உடையும் இரவில் விளக்கைப் பரீட்சை பார்க்க நேரமிராது.

எலிக்காகவும் காட்டுப்பன்றிக்காகவும் வயலைச் சுற்றிச் சட்டவிரோதமாக மின்கம்பி இழுப்போர் சிலர் உள்ளனர். இரவில் நீர் பாய்ச்ச வரும் அண்டை வயற்காரரும், சில சமயம் இழுத்தவரே தாமும், அதில் பட்டு மாண்டிருக்கிறார்கள். எந்த விளக்கும் இதற்குப் பரிகாரமாகாது. அத்தகைய கம்பியைக் கண்டவுடன் மின்வாரியத்திற்கும் காவல் நிலையத்திற்கும் தெரிவித்து அகற்றச் செய்வது கடமை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், காட்டுப்பன்றி முதலியவற்றை அனுமதியின்றி வேட்டையாடுவது குற்றம் என்பதையும் எடுத்துரைக்க வேண்டும். கிட்டியும் விளக்கும் எலிக்கே.

சுருங்கச் சொன்னால், வேலையின் நேரத்தை முதலில் கணக்கிடுக. அந்நேரம் முழுவதும் நடுப்படியில் சீராக எரிவதைத் தேடுக. கழற்றத்தக்க கலமும், நீர் புகாத உறையும், சேற்றுக்கைக்கு அடங்கும் விசையும் உண்டா என்று பார்க்க. வீட்டில் பரீட்சித்த பின்னரே வயலுக்குக் கொண்டுபோக. மடியில் இரண்டாவது விளக்கு இல்லாமல் வரப்பில் இறங்காதிருக்க. அடுத்த சம்பாவுக்கு விதை எடுத்துவைக்கும்போதே விளக்கையும் எடுத்துப் பார்த்துவிடுவது நல்ல வழக்கம்.